‘எல்லாம் உங்களுக்காகத்தானே’: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கணக்கை மாற்றி எழுத ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்புகிற யாரிடமும் ஏன் இத்தனை ஓட்டம் என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாம் இவங்களுக்காகத்தானே” என்பார்கள். மாசி வீதியில் கடை வைத்திருப்பவரும் அதையே சொல்வார், இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவரும் அதையே சொல்வார். வெள்ளிக்கிழமை ஆனால் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவருக்கும், வருடம் ஒருமுறை துபாயிலிருந்து வந்து போகிற மேலூர்க்காரருக்கும் பதில் அதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘இவங்க’ளிடம் போய், “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டவர்கள் குறைவு. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

வேலையில் ஆசை இருப்பது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ‘காசு பணம் எதுக்கு, குடும்பம்தான் முக்கியம்’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்பா கட்டிவைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். அன்றன்றைக்கு உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. அவர்கள் பிரச்சினை நேரம் அல்ல, கூலி. கொஞ்சமாவது தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: ஆசைகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். அடுத்த ஐந்து வருடத்தில் வேலையிலோ தொழிலிலோ எதையெல்லாம் எட்ட நினைக்கிறீர்களோ, வரிசையாக எழுதுங்கள். வீட்டுக்கடனை முடிப்பது, டீம் லீடர் ஆவது, அண்ணா நகரில் இரண்டாவது கிளை போடுவது, பையனின் கல்லூரிச் செலவு, கார், மகள் காதுகுத்தைப் பெரிய மண்டபத்தில் வைப்பது, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல் எழுதுங்கள்: வீட்டுக்கு, எனக்கு, ஊருக்கு.

‘வீட்டுக்கு’ என்பது சுலபம். ‘எனக்கு’ என்று எழுதத்தான் கை கூசும். கூச வேண்டியதில்லை. ஒரு வேலையைத் திறமையாகச் செய்து மேலே வருவதில் உள்ள சந்தோஷம் உங்களுடையது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதைக் கொண்டுபோய் ‘வீட்டுக்கு’ என்ற கணக்கில் எழுதும்போதுதான் சண்டை வருகிறது. இத்தனை செய்கிறேனே, ஒரு நல்ல வார்த்தை உண்டா என்று உங்களுக்கு ஆதங்கம். நாம் கேட்காத ஒன்றுக்கு நம்மிடம் நன்றி எதிர்பார்க்கிறாரே என்று அவர்களுக்கு எரிச்சல்.

‘ஊருக்கு’ என்கிற கணக்கு நம் பக்கம் கொஞ்சம் நீளம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்குச் செய்முறையை, அதாவது விசேஷ வீட்டில் வைக்கும் மொய்யை, பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. போட்ட செய்முறை திரும்பி வருவதற்காகவே ஒரு விசேஷம், அந்த விசேஷத்துக்கு வட்டிக்குப் பணம், அந்த வட்டியைக் கட்ட ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இப்படிப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் காது குத்திக்கொண்ட பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. பந்தியில் உட்கார்ந்து எழுந்து போனவர்களுக்காகத்தான் அந்த உழைப்பு. எதையாவது குறைக்க வேண்டும் என்றால் முதலில் இங்கே கை வையுங்கள். செய்முறையை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, வாங்கியதைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். புதிதாகப் பெரிதாக ஆரம்பிக்காமல் இருக்கலாம்.

இரண்டாம் படி: வீட்டில் தனித்தனியாகக் கேளுங்கள்

“எல்லாரும் வந்து உக்காருங்க, கொஞ்சம் பேசணும்” என்று கூப்பிடாதீர்கள். யாருக்கோ டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கிறது என்று வீடே பயந்துவிடும். ஒவ்வொருவரிடமும் வேறு வேலைக்கு நடுவில் கேளுங்கள். மனைவியோ கணவரோ என்றால் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கலாம். பிள்ளை என்றால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது. முகம் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் நிறையப் பேசும்.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “நான் வீட்டுல இருக்கிறது போதுமா?” என்றால் ஒரு பயனும் இல்லை. மனைவி “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்பார். அம்மா “நீ நல்லா இருந்தாப் போதும்யா” என்பார். அதற்குப் பதிலாக, “போன வாரத்துல எந்த நேரம் நான் இல்லாம உங்களுக்குச் சிரமமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். நாள், நேரம் சொல்லி வருகிற பதிலை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

சிம்மக்கல் பக்கம் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர் ஒன்பதரைக்குக் கடையை அடைத்து, பத்தேகாலுக்கு வீட்டில் இருப்பார். தட்டில் தோசை விழும்போது காதில் போன் இருக்கும். எந்த மெக்கானிக் கடன் சொன்னார், ஜிபேயில் எவ்வளவு விழுந்தது, நாளைக்கு எந்தப் பார்சல் வருகிறது என்று கடைப் பையனோடு கணக்கு. வலது கையில் தோசை, இடது கையால் சீட்டு புரட்டிக்கொண்டிருப்பார். சீக்கிரம் வரச் சொல்வார் என்று நினைத்துத்தான் மனைவியிடம் கேட்டார். அவர் சொன்னது வேறு: “நீங்க அரை மணி லேட்டாவே வாங்க. கடைக் கணக்கைக் கடையிலேயே முடிச்சிட்டு வாங்க. தட்டு முன்னாடி உக்காந்துட்டு யார்கிட்டயோ பேசறதைப் பார்க்கிறதுக்கு நீங்க வராமலே இருக்கலாம்.” இப்போது அவர் வருவது பத்தே முக்காலுக்கு. போன் சட்டையோடு சேர்ந்து ஆணியில் தொங்குகிறது. வேலை நேரம் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை, வீட்டில் சண்டை குறைந்துவிட்டது. மகன் அந்த நேரத்தில் தூங்கியிருப்பான் என்பதால் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவது அப்பா பொறுப்பு, கடையைக் கடைப் பையன் திறக்கிறான்.

பெற்றோர் விஷயத்தில் வாயால் பதில் வராது. அவர்கள் எதைத் தள்ளிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்’ என்று கிடப்பில் கிடக்கும் கண் பரிசோதனை, பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட், கழன்று தொங்கும் பாத்ரூம் தாழ்ப்பாள். அவர்கள் உங்களிடம் கேட்கிற நேரம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாதம் பத்தாயிரம் அனுப்பினாலும் தாழ்ப்பாள் அப்படியேதான் தொங்கும்.

மூன்றாம் படி: ஒரு வாரம் மட்டும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம். வேலைக்குப் போன நேரம், வந்த நேரம், வீட்டில் இருந்தபடி பார்த்த வேலை, பயணம், அவ்வளவுதான். வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்று கூட்டிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்றது. குடும்பத்துக்காக உழைப்பதாகச் சொல்பவர் இந்த எண்ணையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வந்து போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சனி காலை 6 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரை 38 மணி நேரம். கேட்க நிறைய இருக்கிறது. ரயில் தூக்கம் போதாமல் சனிக்கிழமை முற்பகல் தூங்கியது, முடி வெட்டியது, பேங்க், வண்டி சர்வீஸ், நண்பர்களோடு கறி தோசை எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதுதான் வீட்டுக்குக் கிடைத்தது. மாதம் நாலு முறை இப்படி வருவதை விட, இரண்டு முறை வந்து திங்கட்கிழமையும் சேர்த்து இருப்பது பல வீடுகளுக்கு நல்லது. அதற்கும் வீட்டில் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

ரயில் டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். அந்த 60-வது நாளுக்கு மொபைலில் அலாரம் போட்டு வையுங்கள். கையில் டிக்கெட் இருந்தால் மேனேஜரிடம் பேசவே தனித் தைரியம் வரும்.

நான்காம் படி: நாளைப் பிரிக்காதீர்கள், வருடத்தைப் பிரியுங்கள்

தினமும் இத்தனை மணி வேலைக்கு, இத்தனை மணி வீட்டுக்கு என்று பிரிப்பது பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை அலுவலகம் உள்ளவர்களுக்குச் சரிப்படலாம். மற்றவர்களுக்கு அது குற்ற உணர்ச்சியை வளர்ப்பதற்கு மட்டும்தான். நம் ஊர்த் தொழில்கள் மாதக் கணக்கில் ஏறி இறங்குபவை. பன்னிரண்டு கட்டம் போட்டு, எந்த மாதம் மூச்சு விட முடியாது, எந்த மாதம் கை ஓய்வு என்று குறியுங்கள்.

மண்டபம், சமையல் காண்ட்ராக்ட், பந்தல், நாதஸ்வரம், நகை என்று முகூர்த்தத்தை நம்பியிருப்பவர்களுக்கு வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வீட்டு ஞாபகமே வராது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஜவுளிக்காரர்களுக்கு நேர் எதிர். ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்தால் தீபாவளி முடிந்துதான் நிமிர முடியும். ஆடிட்டர் ஆபீஸில் வருமான வரிக் கணக்குக்கான ஜூலை 31 நெருங்கினால் வீட்டில் பேச்சே கிடையாது, மாதா மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி வேறு. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு மாசி, பங்குனி.

பரபரப்பான மாதத்தில் வீட்டுக்கு நேரம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் வாரமே பொய்யாகும். “தீபாவளி வரைக்கும் என்னை விட்டுடுங்க, அதுக்கப்புறம் பத்து நாள் உங்க கூடத்தான்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன பத்து நாளும் இருங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இரண்டாம் பாதியில். ஓய்வு மாதம் வந்ததும் ‘சும்மாதானே இருக்கோம்’ என்று புதிதாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியைப் பாருங்கள். முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் பல ஊர்களில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள், வருடா வருடம் தை மாதம் கடையை அடைத்துவிட்டு அந்த ஊர் முனியாண்டி கோயிலுக்கு வந்து, கிடா வெட்டி, விடிய விடியப் பிரியாணி சமைத்து ஊருக்கே போடுகிறார்கள். தை மாதம் வியாபாரம் நன்றாக நடக்கும் மாதம்தான். ஆனாலும் கடை மூடப்படுகிறது. இந்த வருடம் போகலாமா என்று யாரும் யோசிப்பதில்லை, அது தீர்மானிக்கப்பட்டுவிட்ட விஷயம். பேரம் பேச இடமில்லாமல் செய்துவிட்டதால்தான் அது நடக்கிறது. குடும்பத்துக்கும் அப்படி இரண்டு மூன்று நாள் வேண்டும்.

ஐந்தாம் படி: நகராத நாட்களை முதலிலேயே குறித்துவிடுங்கள்

ஜனவரியில் தினசரிக் காலண்டர் மாட்டும்போதே இதைச் செய்யுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நாள், அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பார்வைக்கு அற்பமாகத் தெரிந்தாலும் மாற்றக் கூடாது. மகளுக்குப் பிறந்தநாளை விட ஸ்கூல் ஆண்டு விழா முக்கியமாக இருக்கலாம். மாமியாருக்குக் குலசாமி கும்பிடப் போகும் மாசிப் பச்சையாக இருக்கலாம்.

கூட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. மதுரையில் அது பெரும்பாலும் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. வெளிநாட்டுக்கு வேலை பார்க்கும் நிறுவனங்களில் அந்த விடுமுறை கிடைக்காமல் போகலாம். சித்ரா பௌர்ணமி எந்தத் தேதி என்று காலண்டரிலேயே இருக்கிறது. ஜனவரியிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் கேட்டால் டீமில் பாதிப் பேர் அதே நாளைக் கேட்டிருப்பார்கள்.

பட்டியல் இதோடு நிற்கட்டும். பதினைந்து நாளை நகராத நாள் என்று எழுதினால் ஒன்றும் நிற்காது.

ஆறாம் படி: ஆபீஸில் பேசுங்கள், கையில் விவரத்தோடு

உருக்கமாகப் பேசுவதால் பலன் குறைவு. “வீட்டுல கஷ்டமா இருக்கு சார்” என்றால் மேனேஜருக்கு என்ன செய்வது என்று தெரியாது. “சார், செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்குக் கிளம்பணும். அந்த நாள் கால் எல்லாம் காலையில எட்டு மணிக்கு எடுத்துக்கிறேன். ஒரு மாசம் பாருங்க, சரியா வரலைன்னா மாத்திக்கலாம்.” நாள், நேரம், ஈடு, கெடு நான்கும் இருந்தால் மறுப்பது கடினம்.

உரிமைகளையும் தெரிந்து வையுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை உண்டு. அது போக உடல்நலக் குறைவுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். குழந்தை பிறந்த அப்பாவுக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் உண்டு, தனியாரில் சட்டப்படி எதுவும் இல்லை. நிறுவனத்தின் விதியில் இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஏழாம் படி: மாற்றலோ புதுக் கிளையோ வரும்போது மூன்றை எழுதுங்கள்

“ரெண்டு வருஷம் மட்டும் சென்னை, அப்புறம் திரும்பிடலாம்.” இந்தப் பேச்சு நடந்த வீடுகளில் ஆறு, ஏழு வருடம் ஆனவை ஏராளம். யாரும் ஏமாற்றவில்லை, முடிவு எதுவென்று எழுதிவைக்கவில்லை. ஒப்புக்கொள்ளும் முன் மூன்றை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் முடியும், எவ்வளவு பணம் சேர்ந்தால் அதற்கு முன்பே முடியும், என்ன நடந்தால் உடனே முடியும். மூன்றாவதுதான் முக்கியம். அப்பாவுக்குப் படுக்கை நிலை வந்தால், மகன் படிப்பில் தொடர்ந்து சறுக்கினால், தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று மனைவியே சொன்னால். நல்லபடியாக இருக்கும்போது எழுதினால்தான் பிற்பாடு சண்டை இல்லாமல் பேச முடியும்.

சம்பள உயர்வில் கழிக்க வேண்டியதையும் கழித்துப் பாருங்கள். இரண்டு வீட்டு வாடகை, போக்குவரத்து, வெளிச் சாப்பாடு, இங்கே பெற்றோருக்குத் துணைக்கு ஆள் போட்டால் அந்தச் சம்பளம். சில நேரம் கையில் நிற்பது மாதம் மூவாயிரம்தான் இருக்கும். அப்படியானால் அந்த வேலை ‘எனக்கு’ கணக்கு. எடுக்கலாம், தப்பில்லை, தெரிந்து எடுங்கள்.

குடும்பமே சேர்ந்து தொழில் செய்தால் இந்தச் சிக்கல் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். மதுரையிலேயே பெரிய உதாரணம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தபோது, உடன்பிறந்தவர்களும் அவர்களைக் கட்டியவர்களும் அதில் இறங்கினார்கள். அது சாதனை. ஆனால் சாதாரணமாக அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையில் நடப்பது வேறு. நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்தும் சரக்கு, பாக்கி தவிர வேறு பேச்சு இருக்காது. அப்படிப்பட்டவர்கள் இரண்டாம் படியை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

எட்டாம் படி: பெண்களின் ஆசையையும் அதே நோட்டில் எழுதுங்கள்

‘வேலையா, குடும்பமா’ என்ற கேள்வி வரும்போது தராசில் வைக்கப்படுவது பெரும்பாலும் மனைவியின் வேலைதான். கணவருக்குப் பதவி உயர்வு வந்தால் பால் பாயசம், மனைவிக்கு வந்தால் “பிள்ளையை யார் பாத்துக்கிறது?” முதல் படியில் எழுதும் நோட்டு இருவருக்கும் பொது. அவர் பட்டியலும் அதே மூன்று சொல்லோடு அதில் வர வேண்டும், ‘எனக்கு’ என்பது உட்பட.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் மறக்காதீர்கள். ‘அத்தை இருக்காங்கள்ல’ என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினால், உங்கள் இருவரின் முன்னேற்றமும் அறுபத்தைந்து வயது முழங்காலில் நிற்கிறது. அவருக்கும் வார விடுமுறை உண்டா, மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் வர முடிகிறதா என்று கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஒன்பதாம் படி: தவறிப் போனால்

தவறும். கடைசி நேரத்தில் சரக்கு லாரி வரும், சர்வர் படுக்கும். அன்றைக்கு வழியில் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிப் போய் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஆண்களுக்கு ஆழமாக இருக்கிறது. பூ நல்லதுதான், கணக்கு தீராது. எந்த மாதிரி நேரம் போனதோ அதே மாதிரி நேரத்தை அதே வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். மகளின் ஆண்டு விழாவைத் தவறவிட்டால் அதே வாரத்தில் அவளை உட்காரவைத்து, அந்த டான்ஸை உங்களுக்காக முழுதாக ஆடச் சொல்லுங்கள். பொம்மை வாங்கித் தருவதை விட அது செல்லுபடியாகும்.

வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரைத் திருவிழா முடிந்ததும் தீபாவளி முடிந்ததும், இரண்டாம் படியின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பதில்கள் மாறியிருந்தால் நல்லது, புதிதாக வந்ததைக் கவனியுங்கள். இரண்டு முறையும் அதே பதில் வந்து, நீங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தும் அது தீரவில்லை என்றால், நேரத்தை ஒதுக்கிப் பிரயோஜனம் இல்லை, மாற வேண்டியது அந்த வேலை. அவசரப்பட்டு ராஜினாமா எழுத வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வேறு வேலையோ வேறு பொறுப்போ தேட ஆரம்பியுங்கள். தேடுகிறீர்கள் என்பதை முதலில் வீட்டில் சொல்லுங்கள், ஆபீஸில் கடைசியாக.